ஷிராஸும் எங்கள் வீட்டு அத்தானும்

தாஜ்மகாலைக் கட்டியது யார் என்று கேட்டால் சின்னப் பிள்ளைகூட ஷாஜஹான் என்று சொல்லிவிடும். கொஞ்சம் குசும்பு பிடித்தவர்கள் "கட்டச் சொன்னதுதான் ஷாஜஹான், கட்டினது கொத்தனார்" என்று மடக்குவார்கள். 1928ல் வந்த ஒரு மௌனப் படம் மூன்றாவதாக ஒரு பதிலை வைத்திருக்கிறது. கட்டியது, அந்த மகாராணியைக் காதலித்துக் கிடைக்காமல் போன ஒரு குயவன்!

படத்தின் பெயர் 'ஷிராஸ்'. இயக்கியவர் ஃபிரான்ஸ் ஆஸ்டன் என்ற ஜெர்மானியர். தயாரித்து, குயவன் ஷிராஸாகவும் நடித்தவர் ஹிமான்ஷு ராய் என்ற வங்காளி. கதை நிரஞ்சன் பாலின் நாடகம். இவர் 'லால்-பால்-பால்' என்று பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்தோமே, அந்த பிபின் சந்திர பாலின் மகன். அப்பா சுதந்திரப் போராட்டம், மகன் சினிமா. எந்தக் காலத்திலும் வீட்டுக்கு வீடு இப்படித்தான் :-)

நான் இருப்பது லண்டனில். 2017 அக்டோபரில் இங்கே பிரிட்டிஷ் திரைப்படக் கழகத்தார் இந்தப் படத்தைச் சுத்தம் செய்து, அனுஷ்கா ஷங்கரின் புது இசையோடு திரைப்பட விழாவில் போட்டார்கள். அடுத்த மாதமே ஹைதராபாத், கொல்கத்தா, டெல்லி, மும்பை என்று இந்தியாவிலும் சுற்றியது. சென்னைப் பக்கம் வரவில்லை. விழாவின்போது எனக்கு டிக்கெட்டும் கிடைக்கவில்லை, ஆபீஸில் லீவும் கிடைக்கவில்லை. பிறகு டிஸ்க் வந்தது. வாங்கி அலமாரியில் வைத்ததோடு சரி. இந்தக் கோடையில் அக்கா கோவையிலிருந்து வந்து எங்களோடு இரண்டு மாதம் இருந்தபோதுதான் பிரித்துப் போட்டோம்.

மௌனப் படம் என்றதும் எங்கள் வீட்டு வாண்டுகள் எழுந்து ஓடப் பார்த்தன. பாப்கார்ன் காட்டி உட்கார வைத்தேன். யானை வரும் என்று சொன்னதும் சின்னவன் அசையவில்லை.

கதையை முழுக்கச் சொல்லிவிடுகிறேன். கிட்டத்தட்ட நூறு வருஷத்துப் படத்துக்கு சஸ்பென்ஸ் என்ன வேண்டிக்கிடக்கிறது.

பாலைவனத்தில் போகும் ஒரு கூட்டத்தைக் கொள்ளைக்காரர்கள் தாக்குகிறார்கள். பெரியவர்கள் செத்துப்போகிறார்கள். ஒரு பெண் குழந்தை மட்டும் பிழைக்கிறது, கழுத்தில் ஒரு தாயத்தோடு. குயவர் ஒருவர் அதை எடுத்து வந்து செலிமா என்று பெயர் வைத்துத் தன் மகன் ஷிராஸோடு சேர்த்து வளர்க்கிறார். ஒரே வீடு, ஒரே சக்கரம், ஒரே மண். வளர்ந்த பிறகு ஷிராஸுக்கு அவள்மீது காதல். அவளுக்கு? அங்கேதான் படம் கொஞ்சம் புத்திசாலித்தனமாக வாயை மூடிக்கொள்கிறது. அவளுக்கு அவன்மீது அன்பு இருக்கிறது, சந்தேகமே இல்லை. எந்த மாதிரி அன்பு என்பதை அந்த நடிகையின் முகத்தைப் பார்த்து நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

அடிமை வியாபாரிகள் அவளைத் தூக்கிக்கொண்டு போய்ச் சந்தையில் விற்கிறார்கள். அவள் போய்ச் சேர்வது இளவரசன் குர்ரமின் அரண்மனை. இந்தக் குர்ரம்தான் பின்னாளில் ஷாஜஹான். ஷிராஸ் பின்னாலேயே ஓடி வந்து அரண்மனைக்கு வெளியே கிடக்கிறான். உள்ளே குர்ரமுக்கு அவள்மீது காதல். அவளுக்கும் அவன்மீது. இதற்கு நடுவில் தளபதியின் மகள் டாலியா. அவளுக்கு குர்ரமைக் கட்டிக்கொண்டு மகாராணியாக வேண்டும் என்று ஆசை. சூழ்ச்சி செய்து ஷிராஸை அந்தப்புரத்துக்குள் வர வைத்து மாட்டிவிடுகிறாள். தண்டனை, யானைக் காலால் மிதித்துக் கொல்வது. (சின்னவன் இங்கே என் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான். நானும்தான்.) கடைசி நிமிஷத்தில் உண்மை தெரிந்து தப்பிக்கிறான். தாயத்தை வைத்து செலிமா ராஜ குலத்துப் பெண் என்று தெரிகிறது. கல்யாணம். செலிமா மும்தாஜ் மஹால் ஆகிறாள்.

வேறு யாராவது எடுத்திருந்தால் அங்கேயே சுபம் போட்டிருப்பார்கள். ஷிராஸ் ஊருக்குத் திரும்பவில்லை. அரண்மனை வாசலிலேயே பதினெட்டு வருஷம் உட்கார்ந்திருக்கிறான். கண் மங்கிக்கொண்டே போய்ப் பார்வை போய்விடுகிறது. மும்தாஜ் இறந்துபோகிறாள். நினைவு மண்டபத்துக்கு மாதிரி வடிவம் கொண்டு வரச் சொல்லி அரசர் அறிவிக்கிறார். ஜெயிப்பது ஷிராஸ் செய்தது. இதைப்போல் இன்னொன்றை இவன் யாருக்கும் செய்துவிடக் கூடாதே, கண்ணை எடுங்கள் என்று அரசர் உத்தரவு போடுகிறார். கிட்டே போய்ப் பார்த்தால் அவனுக்கு ஏற்கெனவே கண் தெரியாது. எதை வைத்துச் செய்தான் என்றால், உள்ளே இருந்த அவளுடைய நினைப்பை வைத்து.

அந்த இடத்தில் என் மனைவி மூக்கை உறிஞ்சினாள். என் பெண் (பதினாலு வயது, இப்போதெல்லாம் எதற்கும் அழ மாட்டேன் என்று விரதம்) முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான் வங்கிக்காரன், பி.காம். படித்தவன். எனக்குத் தோன்றியது சஸ்பென்ஸ் அக்கவுண்ட். யாருடைய கணக்கில் வரவு வைப்பது என்று தெரியாத பணத்தை அதில்தான் போட்டு வைப்போம். வட்டி கிடையாது, உரியவர் வந்து கேட்கும்வரை அப்படியே கிடக்கும். ஷிராஸின் காதல் பதினெட்டு வருஷம் சஸ்பென்ஸில் கிடந்து, கடைசியில் அரசர் பெயருக்கு வரவு வைக்கப்பட்ட மொத்தத் தொகை.

சரித்திரத்தில் இப்படி ஒரு ஷிராஸ் கிடையாது என்பதையும் சொல்லிவிடுகிறேன், பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் போய் எழுதிவிடப் போகிறார்கள். நிஜ மும்தாஜின் பெயர் அர்ஜுமந்த் பானு. ஆசஃப் கானின் மகள், நூர்ஜஹானின் அண்ணன் மகள். குயவர் வீட்டில் வளர்ந்தவரும் இல்லை, சந்தையில் விற்கப்பட்டவரும் இல்லை. 1607ல் நிச்சயம், 1612ல் கல்யாணம். 1631ல் புர்ஹான்பூரில் பதினான்காவது பிரசவத்தில் இறந்துபோனார். கணக்குப் போட்டுப் பாருங்கள், பத்தொன்பது வருஷத்தில் பதினாலு பிரசவம். தாஜ்மகாலின் தலைமைக் கட்டடக் கலைஞராக உஸ்தாத் அகமது லாஹோரியைத்தான் பொதுவாகச் சொல்கிறார்கள். கண்ணைப் பிடுங்கியது, கையை வெட்டியது எல்லாம் வழிகாட்டிகள் சுற்றுலாக்காரர்களுக்குச் சொல்லும் கதை.

படம் முடிந்ததும் எல்லோரும் "பாவம், பாவம்" என்று சொல்லிக்கொண்டிருந்தோம். அக்கா மட்டும் பேசவில்லை. சமையலறைக்குப் போய் எல்லோருக்கும் காப்பி கலந்து எடுத்து வந்தாள். டம்ளரை என் கையில் கொடுத்துவிட்டுக் கேட்டாள்.

"பதினெட்டு வருஷம் ஒருத்தன் வாசல்லயே உக்காந்திருந்தா, உள்ள இருக்கறவ எந்த ஜன்னலைடா தொறப்பா?"

இதைக் கேட்க எங்கள் வீட்டில் அக்காவைவிட உரிமை உள்ளவர்கள் யாரும் இல்லை. அதற்கு எங்கள் ஊர்க் கதை கொஞ்சம் சொல்ல வேண்டும்.

எலப்புள்ளி எங்கே இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு: பாலக்காட்டிலிருந்து பொள்ளாச்சி போகிற ரோட்டில். பனைமரமும் பாறையும் சாயங்காலக் காற்றும்தான் ஊர். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் மலையாளம், சண்டை வந்தால் இரண்டும். எங்கள் அத்தை சின்ன வயதிலேயே இறந்துபோனார். அத்தை புருஷன் வேறு கல்யாணம் செய்துகொண்டு பொள்ளாச்சிப் பக்கம் போய்விட்டார். ஐந்து வயதுப் பையனை அப்பா தோளில் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். அப்போது அக்காவுக்கு இரண்டு வயது. நான் பிறக்கவே இல்லை.

அக்கா பேச ஆரம்பித்தபோது அவரை "அண்ணா" என்றுதான் கூப்பிட்டிருக்கிறாள். கூடவே இருக்கிற, தன்னைவிடப் பெரிய பையன் வேறு யாராக இருக்க முடியும்? பாட்டிதான் திருத்தினார். "அண்ணா இல்லடி, அத்தான்னு கூப்பிடு." அத்தை மகன் அல்லவா, முறை மாப்பிள்ளை. மூன்று வயதுக் குழந்தைக்கு அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் தெரியும்? ஆனால் ஊருக்குத் தெரியும். அவருக்கும் போகப்போகத் தெரிந்துவிட்டது. ஒரே தட்டில் சாப்பிட்டு, ஒரே பாயில் படுத்து, ஒரே அம்மை ஒன்றாக வந்து ஒரே வேப்பிலையில் ஆறின இரண்டு பிள்ளைகளில், ஒருவருக்கு அவள் முறைப்பெண், இன்னொருத்திக்கு அவர் அண்ணன். ஒரே வீட்டில் இரண்டு அகராதி.

1995ல் பேச்சு எடுத்தார்கள். அக்கா மாட்டேன் என்றாள். ஏன் என்று கேட்டதற்கு, "அண்ணனை எப்படிக் கட்டிக்கறது?" அவ்வளவுதான் பதில். அம்மா அழுதாள். அப்பா ஒரு மாதம் அக்காவோடு பேசவில்லை. பாட்டி "வளர்த்த கடனுக்காவது" என்று ஆரம்பித்தார். வளர்த்தது அப்பா, கடனை அடைக்க வேண்டியது அக்காவா என்று இப்போது கேட்கத் தோன்றுகிறது. அத்தான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. 1997ல் அக்காவுக்குக் கோவையில் கல்யாணம் ஆனது. பந்தல் லைட் எல்லாம் அத்தான்தான் போட்டார். வயரிங் வேலை தெரிந்தவர், கை சுத்தம். கடைசிவரை கல்யாணம் செய்துகொள்ளவே இல்லை.

ஊரில் ஒரு விசேஷத்துக்குப் போனால் அக்காவின் காதுபடவே பேசுவார்கள். "தங்கமான பையன். அவளுக்குக் கொடுத்து வைக்கலை." நுங்கு சீசனில் அத்தான் எலப்புள்ளியிலிருந்து பஸ்ஸில் கோவைக்கு நுங்கு கொண்டுபோய்க் கொடுப்பார். திண்ணையில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டுக் கிளம்பிவிடுவார். மாமா (அக்கா வீட்டுக்காரர்) பெருந்தன்மையானவர், ஒன்றும் சொல்ல மாட்டார். 2004ல் அவர்கள் சொந்த வீடு கட்டியபோது வயரிங் முழுக்க அத்தான். கூலி வாங்க மறுத்துவிட்டார். பார்க்கிறவர்களுக்கெல்லாம் கண் கலங்கும். அக்காவுக்கு, அந்த வீட்டில் எந்த ஸ்விட்சைத் தொட்டாலும் ஒரு குற்றப்பத்திரிகை. அவள் என்னிடம் சொன்ன வார்த்தை இது, நான் ஜோடிக்கவில்லை.

அத்தான் 2016ல் மாரடைப்பில் போய்விட்டார். அவருடைய சேமிப்புக் கணக்கில் ஒரு லட்சத்து எண்பத்து நாலாயிரம் இருந்தது. நாமினி யார் என்று பார்த்தால் அக்கா பெயர். ஊரே உருகிவிட்டது. பாட்டி மட்டும் அப்போது இருந்திருந்தால் அக்காவை அடித்தே இருப்பார்.

நாமினேஷன் விஷயம் நம் குடும்பங்களில் பலர் தப்பாகப் புரிந்துகொண்டிருப்பதால் இங்கே கொஞ்சம் தொழில் பேசிக்கொள்கிறேன். நாமினி என்றால் வாரிசு இல்லை. வங்கி பணத்தைக் கொடுத்துக் கணக்கை முடித்துக்கொள்வதற்கு ஓர் ஆள், அவ்வளவுதான். வாங்கினவர் சட்டப்படி வாரிசுகளுக்காகத்தான் அதை வைத்திருக்கிறார். உச்ச நீதிமன்றமும் 2010ல் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. வெளிநாட்டிலிருந்து கணக்கு வைத்திருப்பவர்கள் நாமினேஷன் செய்துவிட்டோம், உயில் வேண்டாம் என்று இருந்துவிடாதீர்கள்.

அக்கா என்னிடம் இதைக் கேட்டுத் தெரிந்துகொண்டாள். பிறகு பொள்ளாச்சிக்குப் போய், அத்தானின் அப்பாவுடைய இரண்டாம் தாரத்துப் பிள்ளைகளைத் தேடிப் பிடித்தாள். அவர்கள் அத்தானை நாலு தடவைகூடப் பார்த்ததில்லை. முழுப் பணத்தையும் அவர்களிடம் கொடுத்து, எழுதி வாங்கிக்கொண்டு வந்தாள். ஊரில் அதற்கும் பேச்சு. "அவன் ஞாபகமா ஒரு பத்து ரூபாய்கூட வெச்சுக்கலை பாரு." மாடிப்படி ஏறும்போது மூச்சு வாங்குகிறவளைப் பார்த்து "கல் நெஞ்சு" என்று சொல்வதற்கு எப்படித்தான் மனது வருகிறதோ.

இந்த அக்காதான் ஜன்னலைப் பற்றிக் கேட்டாள். இன்னொன்றும் கேட்டாள். "அந்த டாலியா செஞ்சதும் அதேதானே? கெடைக்காத ஒருத்தனை நெனைச்சா. அவ வில்லி, இவன் சாமியா?"

யோசித்துப் பார்த்தால் படம் முழுக்க அந்தத் தராசு சாய்ந்துதான் நிற்கிறது. டாலியாவாக நடித்தவர் சீதாதேவி. ரெனீ ஸ்மித் என்ற ஆங்கிலோ இந்தியப் பெண், அந்தக் காலத்தின் பெரிய நட்சத்திரம். ஹிமான்ஷு ராயின் மூன்று மௌனப் படங்களிலும் இருக்கிறார். கண்ணாலேயே பொறாமையைக் கொட்டுகிறார். சூழ்ச்சி செய்கிறாள், ஒப்புக்கொள்கிறேன், ஓர் உயிரை யானைக் காலடிவரை கொண்டு போகிறாள். தண்டனை வேண்டியதுதான். ஆனால் சூழ்ச்சிக்கு முந்தைய காட்சிகளிலேயே, அவள் வெறுமனே ஆசைப்படும்போதே, கேமரா அவளை வில்லியாகத்தான் காட்டுகிறது. ஷிராஸ் ஆசைப்படும்போது வெளிச்சம் வேறு மாதிரி விழுகிறது. ஆண் காத்திருந்தால் தவம், பெண் காத்திருந்தால் திட்டம் என்று 1928லேயே முடிவு கட்டிவிட்டார்கள். நம்முடைய ஒருதலை ராகங்கள் எல்லாம் அதற்குப் பிறகு பாடியதும் அதே ராகம்தான்.

நம் தொல்காப்பியர் இதில் கறார்ப் பேர்வழி. காதலை ஏழாகப் பிரித்து, நடு ஐந்தைத்தான் அன்பின் ஐந்திணை என்று மதித்தார்கள். ஒருவர் மட்டும் விரும்பினால் கைக்கிளை, பொருந்தாத இடத்தில் போய் விழுந்தால் பெருந்திணை. இரண்டையும் ஓரத்தில் உட்கார வைத்தார்கள். "உலகத்தில் ரொம்பப் பெரிசா நடக்கறது அதுதான், அதான் பெருந்திணை" என்று எங்கள் தமிழ் வாத்தியார் சொல்லிச் சிரிப்பார். எத்தனை வருஷம் காத்திருந்தால் கைக்கிளை அன்பின் ஐந்திணைக்கு ப்ரமோஷன் ஆகும் என்று எங்கேயும் விதி இல்லை. சினிமாதான் அந்த விதியைக் கொண்டுவந்தது.

செலிமாவுக்கு ஏன் அவன்மீது அந்த மாதிரி ஆசை வரவில்லை என்பதற்கு ஆராய்ச்சியே இருக்கிறது. ஃபின்லாந்துக்காரர் எட்வர்ட் வெஸ்டர்மார்க், 1891ல் எழுதின புத்தகத்தில் சொன்னார்: சின்ன வயதிலிருந்து ஒன்றாக வளர்ந்தவர்களுக்கு, ரத்த சம்பந்தம் இல்லாவிட்டாலும், ஒருவர்மேல் ஒருவருக்கு அந்த ஈர்ப்பு வருவதில்லை. பிறகு இஸ்ரேலில் கிப்புட்ஸ் பண்ணைகளில் குழந்தைகளை மொத்தமாக ஒன்றாக வளர்த்தார்களே, அங்கே சுமார் மூவாயிரம் கல்யாணங்களைக் கணக்கெடுத்துப் பார்த்தார்கள். ஒரே குழுவில் வளர்ந்தவர்கள் கட்டிக்கொண்டது வெறும் 14. தைவானில் இன்னும் பொருத்தமான உதாரணம். வருங்கால மருமகளைக் கைக்குழந்தையாகவே வாங்கி வந்து மகனோடு சேர்த்து வளர்க்கிற 'சிம்புவா' என்ற வழக்கம் அங்கே இருந்தது. ஆர்தர் வுல்ஃப் என்ற அமெரிக்க ஆய்வாளர் பழைய பதிவேடுகளைப் புரட்டிப் பார்த்ததில், அந்தத் தம்பதிகளுக்குக் குழந்தைகள் குறைவு, விவாகரத்து அதிகம். கட்டி வைத்தார்கள், ஒட்டவில்லை. எல்லோருக்கும் அப்படித்தான் என்று சொல்ல முடியாது. ஷிராஸுக்கும் எங்கள் அத்தானுக்கும் ஒட்டியதே. அங்கே சிறுவயதிலேயே "இவள் உனக்கு" என்று ஒரு வார்த்தை காதில் விழுந்திருந்தது என்பது என் அனுமானம்.

முறை மாப்பிள்ளை வழக்கம் நம்மிடம் இத்தனை காலம் ஓடியதற்கும் இதில் காரணம் இருக்கிறதோ என்னவோ. அத்தை மகன் பொதுவாக வேறு ஊரில், வேறு வீட்டில் இருப்பான். திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும்தான் கண்ணில் படுவான். பார்த்தும் பாராத தூரம். எங்கள் வீட்டில் அந்தத் தூரம் இல்லாமல் போய்விட்டது. அத்தை உயிரோடு இருந்து, அத்தான் பொள்ளாச்சியில் வளர்ந்து, வருஷத்துக்கு ஒருமுறை எலப்புள்ளிக்கு வந்திருந்தால்? அக்காவிடமே கேட்டேன். "அப்ப வேற ஆளுடா அவரு" என்றாள்.

செலிமாவாக நடித்தவரைப் பற்றிச் சொல்லாமல் விடக்கூடாது. ஏனாக்ஷி ராம ராவ். படத்தில் குர்ரமும் செலிமாவும் உதட்டோடு உதடு முத்தமிட்டுக்கொள்கிறார்கள், 1928ல்! (எங்கள் வீட்டு ரிமோட் தயாராக இருந்தது, ஆனால் பெண் என்னை ஒரு பார்வை பார்த்ததும் கீழே வைத்துவிட்டேன்.) இவர் பின்னால் இயக்குநர் மோகன் பவ்னானியைக் கல்யாணம் செய்துகொண்டு, நாட்டியம், கைவினை என்று எழுதப் போய்விட்டார். இந்திய நாட்டியம் பற்றிய அவருடைய பெரிய புத்தகம் 1965ல் வந்தது. ஏறக்குறைய அதே காலத்தில் திருவனந்தபுரத்தில், அகஸ்தீஸ்வரத்து ஜே.சி. டேனியல் எடுத்த 'விகதகுமாரன்' படத்தில் நாயர் பெண்ணாக நடித்த பி.கே. ரோஸிக்கு நடந்ததையும் நினைத்துப் பாருங்கள். நாயகன் அவர் தலையிலிருந்த பூவை முத்தமிட்டான், அவ்வளவுதான். தாழ்த்தப்பட்ட பெண் எப்படி நாயர் பெண்ணாக நடிக்கலாம் என்று கலவரம். ஊரைவிட்டே ஓடி, நாகர்கோவில் பக்கம் வேறு பெயரில் வாழ்ந்து முடித்தார். திரையில் ஒருத்தியைக் காதலிக்கக்கூட யார் காதலிக்கப்படுகிறாள் என்று விசாரித்துத்தான் ஊர் அனுமதி கொடுக்கும். அந்தப் படத்தின் ஒரு சுருள்கூட மிஞ்சவில்லை. சென்னையில் 'கீசக வதம்' எடுத்த நடராஜ முதலியாரின் படங்களும் அப்படியே. 'ஷிராஸ்' மிஞ்சியது, பிரிட்டிஷ், ஜெர்மன் நிறுவனங்கள் பங்காளிகளாக இருந்ததாலும், லண்டனில் ஒரு காப்பகத்தில் பத்திரமாகக் கிடந்ததாலும்.

ஷிராஸாக நடித்த ஹிமான்ஷு ராய்க்கு நிஜ வாழ்க்கையில் நடந்தது படத்தைவிடப் பெரிய கதை. 1929ல் தேவிகா ராணியைக் கல்யாணம் செய்தார். 1934ல் பாம்பே டாக்கீஸ் ஆரம்பித்தார்கள். 1936ல் 'ஜீவன் நையா' படப்பிடிப்பு நடக்கும்போது தேவிகா ராணி, கூட நடித்த நஜ்முல் ஹசனோடு கல்கத்தாவுக்குப் போய்விட்டார். சசதர் முகர்ஜி பேசிச் சமாதானம் செய்து அவரைத் திருப்பிக் கூட்டி வந்தார். ஹசனுக்குச் சீட்டுக் கிழிந்தது. அந்த இடத்துக்கு லேப்பில் வேலை பார்த்துக்கொண்டிருந்த ஒரு கூச்ச சுபாவப் பையனைப் பிடித்துப் போட்டார்கள். அவர்தான் அசோக் குமார். ராய் 1940ல் இறந்தார். 1945ல் தேவிகா ராணி ஸ்வேதோஸ்லாவ் ரோரிக் என்ற ரஷ்ய ஓவியரை மணந்துகொண்டு பெங்களூர் பக்கம் அமைதியாக நெடுங்காலம் வாழ்ந்தார். இதில் ராய் பாவமா, தேவிகா பாவமா என்று இன்றைக்கும் எழுதுகிறவர்கள் அடித்துக்கொள்கிறார்கள். திரும்பி வந்த பிறகு அந்த வீட்டில் அவர் எப்படி நடமாடினார் என்பதுதான் எனக்குக் கேட்கத் தோன்றும் கேள்வி. அக்காவோடு உட்கார்ந்து படம் பார்த்ததன் பலன்.

இத்தனை சொன்னதால் படம் மோசம் என்று நினைத்துவிடாதீர்கள். அவசியம் பாருங்கள். ஒண்ணே முக்கால் மணி நேரம். செட் போடாமல் இந்தியாவிலேயே வெளியில் எடுத்தது. நிஜ ஒட்டகம், நிஜக் கோட்டை, கடைசியில் நிஜ தாஜ்மகால். ஹிமான்ஷு ராயின் கைகள் முகத்தைவிட நன்றாக நடித்திருக்கின்றன, குயவன் என்று நம்பலாம். சித்தாரும் புல்லாங்குழலும் எங்கே பேச வேண்டும், எங்கே சும்மா இருக்க வேண்டும் என்று அனுஷ்காவுக்குத் தெரிந்திருக்கிறது. குழந்தைகளோடு பார்க்கலாம், யானைக் காட்சிக்கு மட்டும் மடியில் இடம் வைத்துக்கொள்ளுங்கள்.

இதே கூட்டணி அடுத்த வருஷம் எடுத்த 'பிரபஞ்ச பாஷ்' டிஸ்க்கும் வந்து சேர்ந்துவிட்டது. அக்கா ஊருக்குக் கிளம்ப இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது, வருகிற சனிக்கிழமை போட்டுவிடலாம் என்று இருக்கிறேன். என்ன கதை என்று கேட்டாள். இரண்டு ராஜாக்கள், ஒரு பெண், நடுவில் சூதாட்டம் என்றேன்.

"யாரை வெச்சு ஆடறாங்க?" என்றாள்.